பழைய அச்சில் ஒரு புதிய பொருள்

ஒரு மதம் புதிதாகப் பிறக்கிறது. அதற்கென்று கோயில் கிடையாது, சிலை கிடையாது, சிற்பி கிடையாது. அந்த மதத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். வீட்டார் வசதியுள்ளவர்கள். சிற்பம் செதுக்கிய நல்ல கல்பெட்டியில் வைத்து அடக்கம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பதெல்லாம் வேறு தெய்வங்களின் கதைகள். என்ன செய்வார்கள்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரத்துக் கிறிஸ்தவர்கள் உண்மையிலேயே எதிர்கொண்ட சங்கடம். அதை அவர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு டிசைன் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் வேலை நிமித்தமாக ஒரு முறை ரோமுக்குப் போனபோது வாடிகன் அருங்காட்சியகத்தில் இந்தக் கல்பெட்டிகளைப் பார்த்தேன். பக்தியை விட, கலையை விட, முதலில் என் கண்ணில் பட்டது அவற்றில் இருந்த தொழில்தான். 'அட, இது நம்ம ஆபீஸ் பிரச்சினை மாதிரியே இருக்கே!' என்று தோன்றியது. அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட பைத்தியம் இது.

கல்பெட்டித் தொழில்

ரோமர்கள் வெகு காலம் உடலை எரித்துச் சாம்பலைக் கலசத்தில் வைத்தவர்கள். 2-ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கம் மெல்ல மாறி, புதைக்கும் பழக்கம் பரவியது. கூடவே சலவைக்கல் ஈமப்பேழைகளுக்குக் கிராக்கி ஏறியது. இத்தாலியின் கராரா மலை, இன்றைய துருக்கியின் மர்மரா தீவு என்று பல இடங்களிலிருந்து கல் வந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள சலவைக்கல் பாளம் ஒன்றின் எடை சுமார் 5.4 டன். சுவருக்கும் அடிப்பாகத்துக்கும் 15 சென்டிமீட்டர் விட்டு உள்ளே குடைந்துவிட்டால் பாதி எடை குறைந்துவிடும். ஆகவே பல பெட்டிகள் குவாரியிலேயே குடையப்பட்டு, வெளிப்புறம் அரைகுறையாகக் கொத்தப்பட்டுக் கப்பலேறின. ரோமில் பேழையைச் சுவரோரமாக வைப்பது வழக்கம். அதனால் முன்பக்கமும் இரண்டு ஓரமும் மட்டும் சிற்பம். பின்பக்கம் பெரும்பாலும் வெறும் கல். யார் கண்ணிலும் படாத இடத்தில் உளிக்கூலி எதற்கு?

இதைவிட முக்கியமான விஷயம், பல பேழைகளில் உருவங்கள் முழுதாக முடிந்திருக்கும், முகம் மட்டும் கொத்தாமல் விடப்பட்டிருக்கும். வாங்குகிறவர் வந்த பிறகு அவர் ஜாடையில் முகம் செதுக்கிக் கொடுக்கலாம் அல்லவா? அதாவது ஸ்டாக்கில் சரக்கு தயார், கடைசி ஃபினிஷிங் ஆர்டருக்கு ஏற்ப. அந்த ஸ்டாக்கில் இருந்த உருவங்களும் ஏறக்குறைய நிலையானவை: தோளில் ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பன், ஏட்டுச்சுருள் படிக்கும் தத்துவ ஞானி, இரு கைகளையும் உயர்த்தி வேண்டும் பெண், கடல் விலங்குகள், உறங்கும் அழகன் எண்டிமியோன்.

எண்டிமியோன் யோனாவான கதை

கிறிஸ்தவர்கள் இதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? கி.பி. 200 வாக்கில் அலெக்ஸாந்திரியா நகரத்துக் கிளமெந்து என்ற ஆசிரியர் முத்திரை மோதிரங்களைப் பற்றி ஓர் அறிவுரை எழுதினார். புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் போன்ற உருவங்களை வைத்துக்கொள்ளுங்கள். விக்கிரக முகங்கள் வேண்டாம், வாளும் வில்லும் வேண்டாம், மதுக்கிண்ணமும் வேண்டாம் என்றார். கவனித்தீர்களா? 'புது டிசைன் போடுங்கள்' என்று அவர் சொல்லவில்லை. கடையில் இருப்பதிலேயே பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்றார்.

பேழைகளிலும் இதுவே நடந்தது. ரோம் நகரச் சந்தைவெளியான ஃபோரத்தில் சாந்தா மரியா அந்திக்வா என்ற பழைய தேவாலயம் இருக்கிறது. அங்கே கி.பி. 270 வாக்கில் செய்த ஒரு பேழை உள்ளது. நடுவில் ஏடு படிக்கும் ஞானி, பக்கத்தில் கையுயர்த்தி ஜெபிக்கும் பெண். இருவருக்கும் முகம் இன்னும் கொத்தப்படவே இல்லை! ஒரு புறம் ஆடு சுமக்கும் மேய்ப்பன். இதுவரை பார்த்தால் எந்த ரோமனும் வாங்கக்கூடிய பெட்டிதான். ஆனால் மேய்ப்பனை அடுத்து ஒருவர் தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் பெறுகிறார். மறுபுறம் கடல் விலங்கிலிருந்து தப்பிய யோனா படுத்திருக்கிறார். இந்த இரண்டும் சேர்ந்தவுடன் மேய்ப்பன் நல்ல மேய்ப்பனாகிவிடுகிறான், ஏடு வேதமாகிவிடுகிறது. பொருளைக் கொடுப்பது உருவம் அல்ல, பக்கத்து உருவம்.

அந்த யோனாவைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆடையில்லாமல், ஒரு கையைத் தலைக்கு மேல் மடக்கி, சாய்ந்து படுத்திருக்கும் இளைஞன். கிரேக்கக் கதையில் சந்திர தேவதை காதலித்த, என்றென்றும் உறங்கும் எண்டிமியோனுக்கு உரிய நிலை இது. ரோமப் பட்டறைகளில் எத்தனையோ தடவை செதுக்கிக் கைப்பழக்கம் ஆகிப்போன அச்சு. சந்திர தேவதையை எடுத்துவிட்டு மேலே ஒரு கொடிப்பந்தலைப் போட்டார்கள். எண்டிமியோன் யோனா ஆகிவிட்டான். அவரை விழுங்கிய மீனும் திமிங்கிலம் அல்ல. நீண்ட கழுத்தும் சுருண்ட வாலுமாக இருக்கும் கிரேக்கக் கதைகளின் கடல் அரக்கன்தான்.

சுவையான ஒரு துணைச் செய்தி. நம் தமிழ் வேதாகமத்தில் யோனாவுக்கு நிழல் தந்தது ஆமணக்குச் செடி. ரோமச் சிற்பத்தில் காய் தொங்கும் சுரைக்கொடி. ஜெரோம் தம் புதிய லத்தீன் மொழிபெயர்ப்பில் அதை 'ஐவி' என்ற வேறு கொடியாக மாற்றியபோது, வட ஆப்பிரிக்காவில் ஒரு சபையில் பெரிய அமளியே நடந்ததாக அகுஸ்தீன் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஜனங்கள் மனசில் ஒன்று பதிந்துவிட்டால் அதை மாற்றுவது லேசில்லை!

செய்யலாம், செய்யக்கூடாது

இதுவரை வாங்கியவர் பக்கம். செதுக்கியவர் பக்கம்? பட்டறை எல்லா வாடிக்கையாளர்க்கும் பொது. காலையில் மதுத் தெய்வம், மாலையில் யோனா. அந்தப் பட்டறையில் கிறிஸ்தவனே வேலைக்காரனாக இருந்தால்?

'முடிசூடிய நால்வர்' என்று ஒரு பழைய மரபுக் கதை உண்டு. அரசன் தியோக்ளேஷியன் காலத்தில் பன்னோனியா நாட்டு குவாரிகளில் வேலை செய்த கிறிஸ்தவச் சிற்பிகளைப் பற்றியது. அவர்கள் தேரேறி வரும் சூரியனைச் செதுக்கிக் கொடுத்தார்கள். வெற்றித் தேவதைகளைச் செதுக்கிக் கொடுத்தார்கள். ஆனால் வைத்தியக் கடவுளான எஸ்குலாப்பியஸ் சிலையைக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். உயிரோடு ஈயப் பெட்டியில் அடைத்து ஆற்றில் போட்டார்கள் என்று கதை முடிகிறது. பின்னாளில் ஐரோப்பியக் கல்தச்சர்கள் இவர்களையே தங்கள் காவலர்களாகக் கொண்டாடினார்கள்.

கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு மரபு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதிலுள்ள கோட்டைப் பாருங்கள். அலங்காரத்துக்கு வைக்கும் சூரியன் என்றால் சரி. கும்பிட வைக்கும் சிலை என்றால் கிடையாது. பிழைப்புக்காக எல்லாம் செய்வேன் என்றும் சொல்லவில்லை, எதையும் தொடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிற நம் எல்லோருக்கும் இப்படி ஒரு கோடு எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது.

கை மறந்துபோனதா?

312-இல் கான்ஸ்டன்டைன் ரோமைப் பிடித்தார். 313-இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. 315-இல் ரோமில் அவருக்கு வெற்றி வளைவு எழுந்தது. அதில் டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அவ்ரேலியஸ் ஆகியோர் காலத்துச் சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தார்கள்; சிலவற்றைப் புதிதாகவும் செதுக்கினார்கள். புதியவற்றில் உருவங்கள் குட்டை, தலை பெரிது, எல்லோரும் வரிசையாக ஒரே மாதிரி நிற்கிறார்கள். அரசர் நடுவில் நேர்முகமாக இருக்கிறார். 1550-இல் வசாரி இதைக் கலையின் வீழ்ச்சிக்குச் சாட்சியாகக் காட்டினார். 1954-இல் பெரன்சன் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே 'வடிவத்தின் வீழ்ச்சி' என்று போட்டுவிட்டார். இடையில் 1901-இல் ஆஸ்திரிய அறிஞர் அலோயிஸ் ரீகல், 'வீழ்ச்சி இல்லை ஐயா, இவர்களுடைய நோக்கமே வேறு' என்று வாதாடினார்.

கிறிஸ்தவப் பேழைகளுக்கும் இதே வழக்கு உண்டு. வாடிகனில் 'டாக்மாட்டிக்' பேழை என்று ஒன்று, சுமார் 320 முதல் 350-க்குள் செய்தது. இரண்டு அடுக்கு. மேலே ஏவாளின் படைப்பு, கானா ஊர்த் திராட்சரசம், அப்பங்கள் பெருகியது, லாசரு எழுந்தது. கீழே ஞானிகள் வருகை, குருடன் பார்வை பெறுவது, சிங்கங்களுக்கு நடுவே தானியேல், சேவலோடு பேதுரு. நடுவில் சிப்பி வடிவ வட்டத்துக்குள் கணவன் மனைவி. இங்கேயும் முகம் கொத்தப்படவில்லை. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே கோடு இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இயேசு கையில் கோல். குணமாகிறவர் சிறு பிள்ளை அளவு.

முதல் பார்வைக்கு 'என்னப்பா, இவ்வளவு நெரிசல்?' என்றுதான் தோன்றும். ஆனால் எலக்ட்ரிக்கல் நண்பர்களைக் கேட்கிறேன்: சர்க்யூட் படத்தில் ரெசிஸ்டரை எப்படிப் போடுகிறீர்கள்? வளைந்து நெளிந்த ஒரு கோடு. அது ரெசிஸ்டர் மாதிரியா இருக்கிறது? யாரும் 'படம் வரையத் தெரியாதவன்' என்று உங்களைத் திட்டுவதில்லையே! தெரிந்தவன் ஒரு நொடியில் படித்துக்கொள்வான். இந்தப் பேழையும் அப்படித்தான். ஒவ்வொரு காட்சியும் ஒரு குறியீடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே செய்தி: அன்று அவரைக் காப்பாற்றியவர் இன்று இந்தப் பெட்டிக்குள் இருப்பவரையும் காப்பாற்றுவார். ஏழெட்டு அடிக் கல்லில் இத்தனை சாட்சிகளை நிறுத்த வேண்டுமானால் மரத்துக்கும் வானத்துக்கும் இடம் ஏது?

கை மறந்துபோகவில்லை என்பதற்கு ஆதாரம் அதே ஊரில் இருக்கிறது. ரோம் நகர நிர்வாகத் தலைவராக இருந்த யூனியஸ் பாஸ்ஸஸ் 359 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். வயது 42, அப்போதுதான் ஞானஸ்நானம் பெற்றவர். இந்த விவரமெல்லாம் அவர் பேழையிலேயே வெட்டியிருக்கிறது. இரண்டு அடுக்கில் பத்துக் காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் தூண், தனி மாடம். உடம்பின் திரட்சி, துணி மடிப்பின் நெகிழ்வு எல்லாம் பழைய கிரேக்கச் சிற்பத்தை நினைவூட்டும். தண்ணீர் வைத்துக் காத்திருக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டு யோசிக்கும் பிலாத்துவைப் பார்த்தால் மனுஷன் தவிப்பு புரியும். டாக்மாட்டிக் பேழைக்கு ஒரு தலைமுறைக்குள் செய்த வேலை இது. ஆக, அழகாகச் செய்யத் தெரிந்த ஊரில்தான் அந்த நெரிசலும் செதுக்கப்பட்டது. ஸ்பெசிஃபிகேஷன் மாறினால் டிராயிங் மாறும். அதைத் திறமைக்குறைவு என்று சொல்லக்கூடாது.

பாஸ்ஸஸ் பேழையிலும் பழைய அச்சு விடவில்லை. மேலடுக்கின் நடுவில் தாடியில்லாத இளைஞராக இயேசு, ரோம அரசர் போல் வீற்றிருக்கிறார். அவர் காலடியில் துணியை வளைத்துப் பிடித்திருப்பது யார்? ரோமர்களின் ஆகாயக் கடவுள் கேலஸ்! வானமே அவருக்குப் பாதபீடம் என்று சொல்லப் பழைய கடவுளையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

சிலுவை எங்கே?

இவ்வளவு காட்சிகளிலும் ஒன்று இல்லை, சிலுவையில் அறைந்த காட்சி. சிலுவை என்பது அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கொடுத்த இழிவான தண்டனை. 350 வாக்கில் செய்த ஒரு வாடிகன் பேழையில் வெறும் சிலுவை நிற்கிறது. அதன் மேல் வெற்றிமாலை, கீழே இரண்டு சிப்பாய்கள். ரோமர்களின் போர் வெற்றிச் சின்னத்தின் அதே அமைப்பு. தோல்வியின் மரத்தை வெற்றிக் கம்பமாக மாற்றிவிட்டார்கள். அறையுண்ட உடலையே காட்டும் துணிச்சல் 5-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. 420-430 வாக்கில் தந்தத்தில் செதுக்கிய ஒரு சிறு பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்து சாந்தா சபீனா ஆலயத்தின் சைப்ரஸ் மரக்கதவில் இன்னொரு பலகை இருக்கிறது. அந்தக் கதவில் 28 பலகைகள் இருந்தன, 18 மிஞ்சியுள்ளன.

தம்பி தங்கைகளே, 'புதுசா ஏதாவது செய்' என்று உங்களை எல்லோரும் விரட்டுவார்கள். உலகத்தைப் புரட்டிப்போட்ட ஒரு நம்பிக்கை, தன் முதல் சிற்பங்களுக்கு ஒரு புது உளியைக்கூடத் தேடவில்லை. இருந்த கல், இருந்த கை, இருந்த அச்சு. எதை எதன் பக்கத்தில் வைப்பது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் அவர்களுடைய புதுமை.

இந்தப் பேழைகளைச் செதுக்கியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது அபூர்வம். அப்படிக் கிடைத்த ஒருவர் எவுத்ரோப்போஸ். ரோமில் கிடைத்த அவருடைய கல்லறைப் பலகை இப்போது உர்பினோ நகரில் இருக்கிறது. கிரேக்க எழுத்தில் பெயர், சமாதானம், மகன் செய்தது என்ற குறிப்பு. பக்கத்தில் கீறி வரைந்த ஒரு படம்: பெரியவர் ஒரு பேழைமேல் துளைக்கருவியைப் பிடித்திருக்கிறார், உதவியாள் பையன் வாரைச் சுற்றி இழுக்கிறான், நம்ம ஊர் ஆசாரிகளின் துரப்பணம் போலவே. ஊருக்கெல்லாம் யோனாவும் மேய்ப்பனும் செதுக்கும் தொழிலில் இருந்த அந்த மனிதருக்கு, மகன் தேர்ந்தெடுத்த சின்னம் அப்பாவின் வேலைதான்.