மோட்டார் ஓடுதா, நிக்குதா?

எங்க அப்பாரு காலத்துல இந்தக் கேள்வியே கிடையாதுங்க. கமலை ஓடுதான்னு பார்க்க வரப்புக்குப் போக வேண்டியதில்லை. உருளை கிறீச்சிடுற சத்தம் வீடு வரைக்கும் கேக்கும். கமலையை எங்க பக்கம் 'கவலை'ன்னுதான் சொல்லுவாங்க. பேரு பொருத்தந்தான். அப்புறம் ஆயில் எஞ்சின் வந்துச்சு. அது ஊருக்கே கேக்கும்.

சத்தத்தை அடக்குனது கரண்ட்தான். 1930-கள்ல பைக்காரா மின்சாரம் நீலகிரியில இருந்து கோயமுத்தூருக்கு இறங்குச்சு. மில்லு ஓடுச்சு, பின்னாடியே கிணத்து மோட்டாரும் ஓடுச்சு. 1970-ல மின் கட்டணத்தை ஏத்துனதுக்கு விவசாயிகள் போராடி, பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூட்டுல உயிரே விட்டாங்க. 1984-ல சிறு விவசாயிகளுக்கும், 1990-ல எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாச்சு. இலவசம்னா டவுன்ல இருக்கறவங்க நினைக்கிற மாதிரி இல்லீங்க. மும்முனை கரண்ட் நேரம் பிரிச்சுத்தான் வரும், பாதி நாள் ராத்திரியிலதான் வரும். டார்ச்சும் தடியுமா, பாம்புக்குப் பயந்துக்கிட்டே எங்கய்யன் நடந்த நடை எத்தனை மைலோ!

அந்த நடையை மிச்சம் பண்ணத்தான் கம்பியில்லா கரண்ட் சென்சார் வாங்குனேன். கரண்ட் ஓடுற கம்பிக்குப் பக்கத்துல திசைகாட்டி முள் திரும்புதுன்னு 1820-ல டென்மார்க்கு ஓர்ஸ்டெட் கண்டாரு. அந்தக் காந்தத்தைத்தான் இந்த வளையம் பிடிக்குது. கம்பியை அறுக்க வேண்டாம். வளையத்தைத் திறந்து மாட்டி, அழுத்தி மூடணும். அளவு செல்போனுக்கு வந்துரும்.

முதல் நாள் சைபர்னே காட்டுச்சு. மூணு கம்பியையும் சேர்த்து மாட்டிட்டேன்! மூணும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும். ஒரே கம்பியில மாட்டுனதும் ஏழரை ஆம்பியர் வந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுக் குறைஞ்சுச்சு. வளையத்து வாயில குளவி மண்ணு வச்சு, வாய் மூடாம இருந்துச்சு. ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள்ள இருந்தா சிக்னலும் வராது.

இதெல்லாம் சின்ன விசயம். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு செல்போன்ல சைபர். கரண்ட் போயிருச்சுன்னு படுத்துட்டேன். காலையில போனா கருகின வாடை. போனது ஒரு பேஸ்தான், அதுவும் நான் வளையம் மாட்டுன பேஸ். மத்த ரெண்டுலயும் மோட்டார் முக்கி முக்கி இழுத்திருக்கு. ஓவர்லோடு ரிலேயை நானே முன்னாடி கூட்டி வச்சிருந்தேன், அதனால ஸ்டார்ட்டரும் விழல. காயில் மொத்தமும் போச்சு. அய்யன் அந்தக் காலத்துல நடந்து போயிருந்தா உறுமலைக் கேட்டே கட்டையை இழுத்திருப்பாரு.

ரீவைண்டிங் முடிஞ்சதும் ரிலேயைச் சரி பண்ணி, இன்னொரு பேஸ்லயும் ஒரு வளையம் மாட்டுனேன். இப்ப எந்த பேஸ் போனாலும், ரெண்டுல ஒண்ணாவது பதிமூணு பக்கம் ஏறிக் காட்டும். ரெண்டும் சைபர்னாத்தான் கரண்ட் இல்லைன்னு படுக்கறேன். அளவு வந்த நேரத்தையும் பார்த்துக்கறேன். பேட்டரி தீர்ந்தா பழைய அளவே திரையில நிக்கும்.

இன்னிக்கு ராத்திரி நம்ம முறை. மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும்.