இரண்டு அதிபர் பதவிகள்: அஸீஸும் கல்முனையும்

இலங்கைத் தமிழில் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர் அரசாங்க அதிபர். பாடசாலையின் தலைவரும் அதிபரே. ஆனால் முன்னவர் உத்தரவினால் ஆள்பவர். பின்னவரின் உத்தரவு வகுப்பறை வாசலைத் தாண்டுவது அரிது. இரு ஆசனங்களிலும் அமர்ந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அம்பாறை மாவட்டம் அப்போது இல்லை. கல்முனை மட்டக்களப்புடன் இணைந்திருந்தது.

நெல் விளைவிக்க வந்தவர், அவ்வூர் மக்களின் கல்விப் பஞ்சத்தையும் கண்டார். அவ்வாண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. இங்கே கவனிக்க வேண்டியது அவர் தேர்ந்த வழி. அரச அதிகாரம் கையிலிருந்தும், கல்வியை உத்தரவாக இறக்காமல் ஊரவர் கூடும் சங்கமாக அமைத்தார். அதிகாரி மாற்றலாகிப் போவார், சங்கம் ஊருக்குரியது. அயலூரான காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தரோடு பழகும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. பாடசாலைகளைக் கட்டியெழுப்புவதையே துறவறப் பணியாகக் கொண்டவர் அடிகளார். 1945 இல் அஸீஸ் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, கல்முனை முயற்சியின் நாடளாவிய விரிவு எனலாம்.

1948 இல் சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். அவருக்கு முன் ரி.பி. ஜாயா 1921 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் அக்கல்லூரியைப் பெருநிறுவனமாக வளர்த்திருந்தார். ஜாயா கட்டியெழுப்பியவர், அஸீஸ் அதற்குப் பண்பாட்டு முகம் தந்தவர். கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் விளங்கினார். இந்துக் கல்லூரியில் கற்ற முஸ்லிம் ஒருவர் தம் கல்லூரியின் கதவை அகலத் திறந்து வைத்ததில் வியப்பில்லை.

கல்முனையில் 1949 இல் உருவான பாடசாலையும் இன்று ஸாஹிறா என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் தோற்றத்தில் கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பரின் முயற்சி பெரிது. செல்வாக்குள்ள ஊர்த்தலைமை காணியையும் கட்டடத்தையும் பெற்றுத் தரும். அதன்பின் பாடசாலையின் குணத்தைத் தீர்மானிப்பவர் அன்றாடம் அதன் வாசலில் நிற்கும் அதிபரே.

1961 இல் அஸீஸ் ஸாஹிறாவை விட்டு விலகினார். 1973 இல் மறைந்தார். அதிபர் நியமனம் குறித்து வாதிடும் நம் ஊர்கள், யாருடைய ஆள் என்று கேட்குமுன், அவர் விலகிய பின்னும் எஞ்சி நிற்கப் போவது என்ன என்று கேட்டல் நன்று.