வாசல் கடந்த பலகாரம்: வேதாரண்யம் கரையில் கிறிஸ்துமஸ் சமையலின் வரலாறு

கிறிஸ்துமஸ் சமையலைக் கேக்கில் தொடங்கி எழுதுவது பத்திரிகைகளின் டிசம்பர் வழக்கம். காவிரியின் கடைமடைக்கு அது பொருந்தாது. வேதாரண்யத்தில் தொடங்கி வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் வழியாகத் தரங்கம்பாடி வரை போகும் கரையோரத்தில் கிறிஸ்தவ வீடுகளின் பண்டிகை வேலை எண்ணெய்ச் சட்டியைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, சோமாஸ், கலகலா என்று பெயர்களை அடுக்கினால், தீபாவளிப் பட்டியலிலிருந்து அது அதிகம் விலகாது. கேக் கடையிலிருந்து வந்தது. அதுவும் பிந்தித்தான் வந்தது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் எனப் பல ஐரோப்பிய நாட்டார் குடியிருந்த கரை இது. அப்படியிருந்தும் கேக் வேகவைக்கும் அடுப்பு வீட்டுக்குள் ஏன் நுழையவில்லை? ஏழ்மை என்ற ஒரே சொல்லில் பதிலை முடித்துவிடலாம். அதைவிட வலுவான காரணங்கள் இரண்டு உண்டு என்பது என் வாதம். டிசம்பர், நெல் வயலில் நிற்கிற மாதம் என்பது ஒன்று. பண்டிகைப் பண்டம் அண்டை வீட்டு வாசலைக் கடந்தாக வேண்டும் என்பது மற்றொன்று.

முதலில் ஐரோப்பியர் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறினர். 1658இல் ஊர் டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1690இல் சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து இங்கே வந்தது. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர். தரங்கம்பாடியை 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்து பெற்ற டேனியர், 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இத்தனை காலமும் ரொட்டி தின்றவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். ஆனால் இது கோதுமை விளையாத மண். மாவு வெளியூரிலிருந்து வர வேண்டும். வந்த மாவு வெள்ளைக்காரர் மேசையைத் தாண்டவில்லை. தஞ்சை அரண்மனையின் சாட்சியமும் இதையே காட்டுகிறது. ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர் இரண்டாம் சரபோஜி. அவர் காலத்துச் சமையல் குறிப்புகளைக் கொண்ட ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கிறது. அதில் மராத்தியச் சமையலோடு ஆங்கிலச் சமையலுக்கும் இடம் உண்டு. அரசர் விரும்பினால் ஆங்கில உணவு சமைக்க ஆள் இருந்திருக்கிறது. அரண்மனை மதிலுக்கு வெளியே அந்தப் பக்குவம் பரவியதற்கான தடம்தான் வீட்டுச் சமையலில் இல்லை.

ஐரோப்பியர் வழியாக வந்து வீட்டில் தங்கியவை அடுப்புகள் அல்ல, பயிர்கள். மிளகாய், முந்திரி, பப்பாளி, அன்னாசி எல்லாம் அப்படி வந்தவை. அச்சு முறுக்கை டச்சுக்காரர் தந்தது என்றோ டேனியர் தந்தது என்றோ சொல்லிவிட ஆசையாக இருக்கும். இரும்பு அச்சை மாவில் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கும் முறை ஸ்காண்டிநேவியாவிலும் உண்டு. கேரளத்து அச்சப்பமும் இலங்கையின் கொக்கிஸும் அதே முறையில் வருபவைதான். ஆனால் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் எள்ளும் சேர்ந்த கரைசலை எந்த ஐரோப்பியரும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. அச்சின் பூர்வீகம் எந்தத் துறைமுகமாக இருந்தாலும் மாவின் பூர்வீகம் உள்ளூர் உரல்தான்.

அந்த உரலில் போடுவதற்கு மார்கழியில் வீட்டில் என்ன இருந்தது என்பதே அடுத்த கேள்வி. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12இல் தண்ணீர் திறப்பது வழக்கமாகி, பழைய டெல்டாவில் குறுவை நம்பிக்கைக்குரிய போகமாயிற்று. குறுவை அறுவடை முடிந்து கையில் காசு புரளும்போது தீபாவளி வரும். சம்பா அறுவடையோடு பொங்கல் வரும். இரண்டுக்கும் நடுவில், சம்பா கதிர் வாங்கி நிற்கும்போது, நெற்குதிர் தூர் தட்டும் நாளில் கிறிஸ்துமஸ் வருகிறது. கடைமடையில் நிலைமை இன்னும் மோசம். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும். பெரும்பாலான நிலத்துக்குச் சம்பா ஒன்றே போகம். வேதாரண்யத்தின் மற்றொரு பிழைப்பான உப்பும் அந்த மாதம் கைகொடுக்காது. அகத்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்கள் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். வெட்டி எடுத்த உப்பு பனையோலை வேய்ந்த குவியல்களில் விலைக்குக் காத்திருக்கும். விதிவிலக்கு கோடியக்கரை. அங்கே அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை மீன்பிடிப் பருவம். வடக்கே உள்ள மீனவக் கிராமங்களிலிருந்து வந்து குடிசை போட்டுத் தங்குபவர்களுக்கு அது வரவுக் காலம்.

களத்துமேட்டில் கூலி பேசும் காலமும் இதுவே. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, நாகப்பட்டினத்துக்கு அருகில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டது அந்தப் பகையின் வேர். அதைப் பண்டிகையின் வரலாற்றோடு முடிச்சுப் போடுவது என் நோக்கமல்ல. ஆனால் டெல்டாவில் டிசம்பர் கடைசி வாரம் நெல்லின் கணக்கு எவ்வளவு கூர்மையாக நிற்கும் வாரம் என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

எனவே கிறிஸ்துமஸ் பலகாரம் என்பது கடனிலும் சீட்டுப் பணத்திலும் செய்யப்பட்ட பலகாரம். குறைந்த அரிசியில் நிறைய நாள் நிற்கிற பண்டம் வேண்டும். அதிரசம் இதற்கு ஏற்றது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப்பாகு தண்ணீரில் விட்டால் கரையாமல் உருள வேண்டும். ஏலமும் சுக்கும் சேர்த்துக் கிளறிய மாவைச் சில நாள் மூடிவைத்துத்தான் தட்ட வேண்டும். மழை ஓயாத மார்கழியில் மாவு உலர்வது பெரும்பாடு, முறுக்கு நமுத்துப்போகும், அதனால் பழைய பிஸ்கட் டின்னுக்கு இந்த வீடுகளில் தனி மரியாதை உண்டு. வெல்லம் மட்டும் டிசம்பருக்கு அனுகூலம். பாபநாசம் வட்டாரத்தில் கணபதி அக்ரகாரம், வீரமாங்குடி ஊர்களில் பொங்கலை நம்பி அச்சு வெல்லம் காய்ச்சுவது மார்கழியில் சூடுபிடிக்கும். புது அரிசி கிடைக்காத பண்டிகைக்குப் புது வெல்லம் கிடைத்தது.

அதிரசம் கோயில் பண்டமும்கூட. விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளிலேயே நைவேத்தியங்களில் அது வருகிறது. அப்படியொரு பண்டம் கிறிஸ்தவ வீட்டில் எதிர்ப்பில்லாமல் நிலைத்தது எப்படி? 1704இல் புதுச்சேரியில் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, இயேசு சபையார் அனுமதித்திருந்த பல தமிழ் வழக்கங்களைத் தடுத்தது. திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பதுகூட அதில் தப்பவில்லை. அதே தேங்காய் சோமாஸுக்குள் பூரணமாகப் போனதை எந்த ஆணையும் கண்டுகொள்ளவில்லை. சீர்திருத்தச் சபையிலும் இதே போக்குதான். தஞ்சையின் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1829இல் மிஷனரிகளோடு மோதியபோது பூமாலையும் தமிழ் இசையும் சாதியும் வழக்குக்கு வந்தன, பலகாரம் வரவில்லை.

திருச்சபை தலையிட்டது எதைத் தின்பது என்பதில் அல்ல, எப்போது தின்பது என்பதில். 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பின்படி கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் உபவாச நாள், இறைச்சியும் ஆகாது. நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 1953 முதல் தளர்ந்து, 1964இல் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. 1966இல் முந்திய நாள் உபவாசக் கடமையும் போயிற்று. பூசை முடிந்து வந்து வாய் நனைக்கிற கிறிஸ்துமஸ் காலைச் சாப்பாடு, இட்லியும் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும், கனமாக இருப்பது இந்தப் பழைய ஒழுங்கின் மிச்சம் என்றே கருதுகிறேன். மதியத்துக்குச் சீரகச் சம்பா பிரியாணி வந்து உட்கார்ந்தது பிற்காலத்துக் கதை.

ஆப்பத்துக்கு ஒரு துணைக்கதை உண்டு. மாவைப் பொங்கவைக்கத் தென்னங்கள் ஊற்றுவது கரையோரப் பழக்கம். மாநிலம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு வந்தது. 1971இல் கள்ளுக்கடைகள் திறந்து, மூடி, மறுபடி திறந்து, 1987 ஜனவரி 1 முதல் கள் அடியோடு தடையானது. ஆப்பச் சோடாவும் ஈஸ்ட்டும் அந்த இடத்தைப் பிடித்தன. அரசின் கலால் கொள்கை அடுப்பங்கரை வரை எட்டுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது. ஆனால் சமையல் வரலாறு எழுதுகிறவர்கள் கலால் சட்டத்தைப் புரட்டுவதில்லை.

வாசல் கடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு 1712 முதல் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பெற்ற பதில் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் புகார், கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள் என்பது. மதத்தைவிட உணவே முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. சபைக்குள்ளேயும் சோறு சிக்கலான பொருள். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டுவிட்டதற்குச் சோதனையாக எல்லோரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை வைத்தது. உண்ண மறுத்து விலகியவர்கள் உண்டு. ஒருவர் சமைத்த சோற்றை இன்னொருவர் தின்பது அந்த அளவுக்குக் கடினமாக இருந்த சமூகத்தில், எண்ணெயிலும் நெய்யிலும் பொரித்த பண்டத்துக்கு மட்டும் கொஞ்சம் சலுகை இருந்தது. சோற்றில் ஒட்டும் தீட்டு முறுக்கில் ஒட்டாது என்பது சாதி ஆசாரத்தின் கணக்கு. அந்தச் சலுகையும் எல்லா வாசலுக்கும் செல்லுபடியானதல்ல. சேரியிலிருந்து ஊர்த்தெருவுக்குப் போன தட்டுகள் குறைவு. அக்கம்பக்கத்து நடுத்தரச் சாதியாரிடையே, நாகூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளோடு, தீபாவளிக்கு வந்த தட்டுக்குக் கிறிஸ்துமஸில் பதில் தட்டு என்ற கொடுக்கல் வாங்கல் பலகாரத்தின் மேல்தான் நின்றது. முட்டை உடைத்து ஊற்றிய கேக் அந்தத் தட்டில் ஏற முடியாது. தனக்குத் தின்பதற்கு மட்டும் என்றால் வீட்டுக்காரி எதையும் செய்து பார்த்திருப்பாள். கொடுப்பதற்கும் சேர்த்துச் செய்ததால்தான் பட்டியல் மாறாமல் நின்றது.

பட்டியலில் முதல் விரிசல் கோதுமையால் வந்தது. 1942இல் பர்மா ஜப்பான் வசமானதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அரிசி நாட்டுக்குக் கோதுமையும் மாவும் ரேஷனில் அறிமுகமாயின. 1956இல் அமெரிக்காவோடு செய்த பி.எல். 480 ஒப்பந்தம் கோதுமையைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தது. 1937இல் சந்தைக்கு வந்திருந்த டால்டா, நெய்க்கு மலிவான மாற்றாக ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. மைதாவும் டால்டாவும் சீனியும் சேர்ந்தால் கலகலா. அரிசியை இடிக்கவும் சலிக்கவும் வேண்டாம். பிசைந்து, தேய்த்து, வெட்டி, பொரித்தால் ஆயிற்று. கோவாவில் கிறிஸ்துமஸுக்கென்றே செய்யும் குல்குல் இதற்கு நெருங்கிய உறவு. இங்கே அது எல்லாப் பண்டிகைக்கும் பொதுவானது.

கேக்கின் பாதை வேறு. தலச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாபு, பிரவுன் என்ற தோட்ட முதலாளிக்குச் செய்துகொடுத்த பிளம் கேக்கைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று மலபார்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள். டெல்டாவுக்கு அது மலபாரிலிருந்து வரவில்லை. கர்நாடகத்திலிருந்து, ‘பெங்களூர் அய்யங்கார் பேக்கரி’ என்ற பலகையோடு வந்தது. வைணவப் பெயர் தாங்கிய கடை ஒன்று கிறிஸ்தவப் பண்டிகைக்குக் கேக் தந்தது; அதையும் முட்டையில்லாமல் தந்தது. வாசல் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. ரம் ஊறிய உலர்பழத்துக்குப் பதிலாக, பப்பாளிக்காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிய டூட்டி ஃப்ரூட்டி. ஆங்கிலேயரின் பிளம் கேக்கிலிருந்து இதில் மிஞ்சியது பெயர்தான் என்று சொல்லலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. இந்தக் கேக்கின் உண்மையான மூதாதை பிறந்தநாள் கேக். நள்ளிரவுப் பூசைக்குப் பின் பாலன் இயேசுவுக்கென்று கோயில் வளாகத்தில் கேக் வெட்டும் பழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இதே அதிரசம் அரியதரம் என்ற பெயரில் தட்டில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ரவையும் முந்திரியும் பாகிட்ட பழங்களும் சேர்த்து வீட்டிலேயே வேகவைத்த கேக்கும் இருக்கிறது. ஐரோப்பிய வழிவந்த கொழும்புப் பறங்கியரின் சமையல் இலங்கை முழுக்க நடுத்தர வீடுகளுக்குப் பரவியதன் பயன் அது. நாகப்பட்டினத்து டச்சுச் சமூகத்துக்கு அப்படி நிலைத்து வாழும் வாய்ப்பு 1781க்குப் பின் இல்லாமல் போயிற்று.

வீட்டில் கேக் செய்யும் முயற்சி இங்கே பிரஷர் குக்கரோடு வந்தது. குக்கரின் அடியில் கல்லுப்பையோ மணலையோ பரப்பி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, மேலே கேக் பாத்திரத்தை வைக்கும் முறையைப் பெண்கள் பத்திரிகைகள் பரப்பின. வேதாரண்யத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை என்பதால் மணலைத் தேட வேண்டியதில்லை. விறகடுப்பில் இந்த வேலை கைகூடாது. சீரான தீ வேண்டும். 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், மிக்ஸியும் கிரைண்டரும் தந்த 2011ஆம் ஆண்டுத் திட்டமும் கூலி வேலை செய்பவர்களின் வீட்டிலும் இதைச் சாத்தியமாக்கின. வெண்ணெயும் சீனியும் அடித்துக் குழைக்கிற கைவலியை மிக்ஸி எடுத்துக்கொண்டது. அதே மிக்ஸி அதிரச மாவையும் அரைத்தது, அதிரசம் ஒழிந்துவிடவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பண்டிகைக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களும் அதில் உண்டு. அதற்குப் பின் இந்தக் கரையில் கிறிஸ்துமஸின் மறுநாள் நினைவு நாளாக இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் தென்னையையும் மாமரத்தையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. வீட்டுத் தேங்காயில் சோமாஸ் செய்தவர்கள் அந்த டிசம்பரில் தேங்காயை விலைக்கு வாங்கினார்கள்.

இப்போது அதிரச மாவு பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆர்டருக்குப் பலகாரம் செய்துகொடுப்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. தட்டில் இரண்டு அதிரசம், நாலு முறுக்கு, ஒரு துண்டு முட்டையில்லாக் கேக் என்று அளவு குறுகியிருக்கிறது. பதில் தட்டு மூன்று வாரத்தில், சம்பா அறுவடையானதும், பொங்கலோடும் கரும்போடும் வருகிறது.