யாங்கீஸ் கேட்சர் பரம்பரை

1947 பேஸ்பால் உலகத் தொடரை நியூயார்க் யாங்கீஸ் வென்றது. ஆனால் அதன் இளம் கேட்சர் யோகி பெர்ராவுக்கு அந்தத் தொடரில் தலைகுனிவுதான். பேட்டும் பேசவில்லை. எறியும் கையும் காலை வாரியது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் வீரர்கள் அவர் எறிவதைத் துளியும் மதிக்காமல் பேஸ் திருடினார்கள், அதாவது பந்து வீசப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடினார்கள். சில ஆட்டங்களில் அவரை ரைட் ஃபீல்டில் நிறுத்தினார்கள்.

கேட்சரை நம் ஊர் விக்கெட் கீப்பர் என்று நினைத்துவிடக் கூடாது. பிட்சர் எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்று விரலால் சைகை காட்டுபவரே அவர்தான். எதிரணி ஓட்டக்காரர் திருடக் கிளம்பினால், குந்தியிருந்த நிலையிலிருந்து எழுந்து 127 அடி தூரத்திலுள்ள இரண்டாம் பேஸுக்கு எறியவும் வேண்டும்.

1949-இல் பயிற்சியாளராக வந்த கேஸி ஸ்டெங்கல், பெர்ராவுக்குக் கற்றுக்கொடுக்க பில் டிக்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டார். 1928-இலிருந்து 17 பருவங்கள் யாங்கீஸுக்கு ஆடிய கேட்சர் டிக்கி. எப்படி உட்காருவது, எறியும்போது காலை எங்கே வைப்பது என்று அடிப்படையிலிருந்தே தொடங்கினார். அடுத்த ஆண்டே பெர்ரா 148 ஆட்டங்களில் கேட்சராக நின்றார். 1951, 1954, 1955 என மூன்று முறை அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே.

வாத்தியாரின் வெற்றி, அடுத்த மாணவருக்குத் தடையானது. கறுப்பினத்தவர் அணியான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸிலிருந்து 1950-இல் யாங்கீஸ் வாங்கிய எல்ஸ்டன் ஹோவர்ட், அடிப்படையில் அவுட்ஃபீல்டர். இராணுவச் சேவை முடித்துத் திரும்பியவரை டிக்கியிடம் அனுப்பிக் கேட்சராக்கினார்கள். பெர்ரா உச்சத்தில் இருக்கும்போது இன்னொரு கேட்சர் எதற்கு? ஒரு கறுப்பின வீரரின் வருகையைத் தள்ளிப்போடும் தந்திரம் என்று அப்போதே விமர்சித்தார்கள். அந்தச் சந்தேகத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1954-இல் டொரான்டோவில் ஆடி இன்டர்நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க வீரரான பிறகே, 1955-இல் யாங்கீஸின் முதல் கறுப்பின வீரராக அவர் களமிறங்கினார். அப்போதும் பெரும்பாலும் லெஃப்ட் ஃபீல்டில்தான் இடம்.

1960-இல் நிலைமை புரண்டது. 31 வயதான ஹோவர்ட் முதன்மைக் கேட்சரானார். வயதேறிய பெர்ரா லெஃப்ட் ஃபீல்டுக்குப் போனார். அந்த ஆண்டு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் பில் மஸரோஸ்கி அடித்த ஹோம் ரன், பெர்ராவின் தலைக்கு மேலேதான் சுவரைத் தாண்டியது. 1961-இல் ஹோவர்ட் 21, பெர்ரா 22, மூன்றாம் கேட்சரான ஜானி பிளான்சர்ட் 21 ஹோம் ரன்கள். கேட்சர்களுக்கு இப்படியொரு செழிப்பு எந்த அணிக்கும் எளிதில் வாய்க்காது.

1963-இல் மிக மதிப்புமிக்க வீரர் விருது ஹோவர்டுக்குக் கிடைத்தது. அமெரிக்கன் லீகில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1969-இல் யாங்கீஸுக்கே துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அவ்வாண்டே அறிமுகமான கேட்சர் தர்மன் மன்சன் 1970-இல் லீகின் சிறந்த புதுமுகமானார், 1976-இல் மிக மதிப்புமிக்க வீரரும் ஆனார். அப்போதும் ஹோவர்ட் துணைப் பயிற்சியாளராகவே இருந்தார். அந்த ஆண்டுதான் பெர்ராவும் அதே வேலைக்கு யாங்கீஸுக்குத் திரும்பியிருந்தார்.