42 வயதில் பென்சன்

பாரிஸ் ஒப்பராவில் பாலே ஆடுகிறவர்களுக்கு 42 வயதில் ஓய்வூதியம். 2019 டிசம்பரில் பிரான்ஸ் முழுக்க ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் நடந்தபோதுதான் எங்கட ஆட்கள் கனபேருக்கு இது தெரியவந்தது. "வெங்காயம் உரிக்கிறவனுக்கு 62, ஆடுகிறவளுக்கு 42ஓ?" என்று குசினிகளுக்குள் ஒரே கதை. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அவர்களின் சப்பாத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கோ.

1832 மார்ச் 12ஆம் திகதி பாரிசில் மரி தாலியோனி 'லா சில்ஃபீட்' ஆடினார். கால்விரல் நுனியில் எழும்பி நிற்பதை அவருக்கு முன்னமும் சிலர் செய்திருக்கிறார்கள், வித்தை மாதிரி. பாரமே இல்லாத ஒரு ஆவி மிதக்கிறது என்று சனத்தை நம்பவைத்தது தாலியோனிதான். காலில் இருந்தது மெல்லிய சாட்டின் துணிச் சப்பாத்து. உள்ளே தாங்க ஒன்றுமில்லை. நுனியிலும் ஓரத்திலும் நூலால் இழையோடித் தைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கெண்டைக்காலும் பாதமும். தகப்பன் பிலிப்போதான் வாத்தியார். வியன்னாவில் நாளுக்கு ஆறு மணித்தியாலம் பிழிந்தெடுத்தார்.

ஒருத்தி செய்து காட்டிவிட்டால் பிறகு அது எல்லாருக்கும் கடமை.

அந்த நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியர்கள் சப்பாத்தின் நுனியை இறுக்கமாக்கினார்கள். கால் தப்பியது என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. 1895இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் பியெரினா லெஞானி 'ஸ்வான் லேக்'கில் ஒற்றைக்காலில் 32 தரம் தொடர்ந்து சுழன்றார். இன்றைக்கும் அந்தக் கறுப்பு அன்னத்தின் பாத்திரத்தை ஆடுகிறவளிடம் சனம் அந்த 32ஐ எண்ணிக்கொண்டுதான் இருக்கும். கருவி திறமாக வந்தால் வேலை குறையும் என்பது முதலாளிமார் சொல்லுகிற கதை. கோப்பை கழுவும் மெசின் வந்த பிறகு எங்களுக்கு வேலை குறைந்ததா, கோப்பை கூடியதா?

இப்போதைய சப்பாத்தின் நுனிக்குள் மரமோ இரும்போ இருக்கிறதென்று கனபேர் நினைக்கிறார்கள். வழமையான சப்பாத்தில் துணியும் கடதாசியும் பசையும்தான். வியர்வை பட்டால் பசை இளகிவிடும். முதன்மை ஆட்டக்காரி ஒரே இரவில் ஒரு சோடியை முடித்துவிடுவார். புதுச் சப்பாத்தை அப்படியே போடவும் ஏலாது. அடியை வளைத்து, நிலத்தில் அடித்து, சறுக்காமலிருக்க அடித்தோலைச் சுரண்டி, நாடாவைத் தானே தைக்க வேண்டும். பிறகு முழு உடம்புப் பாரமும் இரண்டொரு விரல் நுனியில். கொப்புளம், கறுத்துக் கழரும் நகம் எல்லாம் சின்ன விசயம். ஓயாத பாரத்தால் பாத எலும்பில் மயிர்போல விழுகிற வெடிப்புத்தான் ஆளை மாதக்கணக்கில் படுத்தும்.

ஒப்பராவின் பள்ளிக்கூடத்தில் எட்டு, ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அதிலிருந்து 42 வரைக்கும் எண்ணிப் பாருங்கோ. குசினியில் உடைகிற எங்கட முதுகை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்களுக்கும் நேரத்தோடு தா என்று கேட்பதை விட்டுவிட்டு அவளிடமிருந்து பறி என்கிறோமே, அதுதான் எனக்கு விளங்காதது.

பதினான்காம் லூயி காலத்தில், 1698இல் தொடங்கிய ஏற்பாடு இது. 2019இல் அரசாங்கம் ஒரு சமரசம் சொன்னது: இப்போது ஆடுகிறவர்களைத் தொடமாட்டோம், 2022 ஜனவரிக்குப் பிறகு சேருகிறவர்களுக்குத்தான் புதுச் சட்டம். தங்கள் பங்கு தப்பியது என்று அவர்கள் போகவில்லை. டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள் குளிருக்குள், கார்னியே மாளிகையின் வாசல் படிகளுக்கு மேலே 'ஸ்வான் லேக்'கில் ஒரு பகுதியை ஆடிக்காட்டினார்கள். 2023இல் வந்த சீர்திருத்தம் வேறு பல விசேட ஓய்வூதியங்களைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூடியது. ஒப்பராவுடையது தப்பியது.