பணிப்படி (கிட்)

பணிப்படி என்பது, கிட் எனப்படும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், ஒரு கிளையின் கோப்புக்கள் திருத்துவதற்காக எடுத்து வைக்கப்படும் அடைவு ஆகும். கிட்டை லினசு டோர்வால்ட்சு 2005 ஆம் ஆண்டில் உருவாக்கினார். 2015 இல் வெளியான 2.5 ஆம் பதிப்பில் 'கிட் ஒர்க்ட்ரீ' கட்டளை அறிமுகமானது. இதன்மூலம் ஒரே களஞ்சியத்துக்குப் பல பணிப்படிகளை வைத்திருக்க முடியும்.

அமைப்பு

பணிப்படிகள் அனைத்தும் ஒரே வரலாற்றைப் பகிர்வதால், களஞ்சியத்தை மீண்டும் நகலெடுக்க வேண்டியதில்லை. ஒரே கிளையை இரு பணிப்படிகளில் ஒரே நேரத்தில் திறக்கக் கிட் இயல்பாக அனுமதிப்பதில்லை. புதிய வசதியொன்று ஒரு கிளையில் பாதியில் இருக்கும்போது, அவசர வழுத்திருத்தத்தை வேறொரு பணிப்படியில் செய்வது இதன் வழமையான பயன்பாடு ஆகும்.

தடமிடப்படாத கோப்புக்கள்

'கிட் ஆட்' கட்டளையால் சேர்க்கப்படாத கோப்புக்கள் தடமிடப்படாத கோப்புக்கள் எனப்படும். இவை களஞ்சியத்தில் இல்லாமல், உருவாக்கப்பட்ட பணிப்படியில் மட்டுமே இருக்கும். எனவே புதிய பணிப்படிக்கு இவை வருவதில்லை. அழிந்தால் கிட் மூலம் மீட்கவும் இயலாது. 'கிட் ஸ்டாஷ்' கட்டளையும், '-யு' தெரிவு இல்லையெனில், இவற்றைச் சேமிப்பதில்லை.

நீக்குதல்

தடமிடப்படாத கோப்புக்கள் இருந்தால் 'கிட் ஒர்க்ட்ரீ ரிமூவ்' கட்டளை பணிப்படியை நீக்க மறுக்கும். ஆனால் 'கிட்இக்னோர்' பட்டியலில் உள்ள கோப்புக்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவை எச்சரிக்கையின்றி அழிக்கப்படும். கடவுச்சொற்கள் கொண்ட அமைவுக் கோப்புக்கள் பெரும்பாலும் இப்பட்டியலிலேயே இடம்பெறுகின்றன. நீக்குமுன் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளையை 'இக்னோர்ட்' தெரிவுடன் இயக்கி அவற்றைக் கண்டறியலாம்.