ஆறு பேரில் ஆரம்பித்த தீர்ப்பாயம்

மும்பை சர்ச்கேட் பக்கம் போனால் பிரதிஷ்டா பவனை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அங்கேதான். 1941 ஜனவரி 25-ல் வெறும் 6 உறுப்பினர்களோடு டெல்லி, பம்பாய், கல்கத்தா என 3 அமர்வுகளாக ஆரம்பித்தது. அமர்வுக்குச் சட்டம் தெரிந்தவர் ஒருவர், கணக்கு தெரிந்தவர் ஒருவர். பி.காம். படித்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமை!

ஆள் எடுப்பதில்தான் சிக்கல். 2021-ல் மத்திய அரசு, வயது 50 ஆகியிருக்கணும், பதவி 4 வருஷம்தான் என்றது. தொழில் நன்றாக நடக்கிற வக்கீலோ ஆடிட்டரோ 4 வருஷத்துக்காக அதை விட்டுவிட்டு வருவாரா? நம்ம மெட்ராஸ் பார் அசோசியேஷன் வழக்குப் போட்டது. ஜூலையில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்டில் அதையே நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 2025 நவம்பரில் மறுபடி ரத்து.

வரித் துறையைக் கேள்வி கேட்கிற நாற்காலி காலியாகக் கிடந்தால் நஷ்டம் யாருக்கு? நம்ம மாதிரி சம்பளக்காரங்களுக்குத்தானே?